ஜேர்சி அடிப்பதற்கு முன்பு காப்புறுதி: திருகோணமலைக் கழகங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏகாம்பரம் மைதானத்தில் பின்னேரம் பந்து உதைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மேசன் இருப்பார், வயரிங் வேலை செய்கிறவர் இருப்பார், ஓட்டோ ஓடுகிறவர் இருப்பார், திருக்கடலூரில் இரவு கடலுக்குப் போய் விடியக் கரை வந்து, மத்தியானம் படுத்தெழும்பி நேரே மைதானத்துக்கு வந்து நிற்கிறவர் இருப்பார். இவர்களில் ஒருவருக்குக் கால் முறிந்தால் பொது வைத்தியசாலை இருக்கிறது. அங்கே காசு கேட்க மாட்டார்கள், எக்ஸ்ரே எடுத்து பிளாஸ்டர் போட்டு, தேவையென்றால் சத்திரசிகிச்சையும் செய்து அனுப்புவார்கள். கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது, ஏனென்றால் வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காப்புறுதி என்றதும் நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி பில்லைத்தான் யோசிக்கிறோம், முகவரும் அதைத்தான் முதலில் காட்டுவார், தனியார் ஆஸ்பத்திரியில் இத்தனை லட்சம் வரை தருவோம் என்பார். எங்கள் ஊரில் உதைபந்தாட்டமோ மென்பந்து கிரிக்கெட்டோ கபடியோ விளையாடுகிறவருக்கு அதைவிட முக்கியமானது, வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருக்கிற வாரங்களுக்கு வருகிற காசு. எந்தக் காப்புறுதி எடுப்பது என்று பார்க்கும்போது இந்த ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நான் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்னக் கழகத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். எங்களிடம் ஒரு குழுக் காப்புறுதி இருந்தது, ஜனவரியில் பெயர்ப்பட்டியல் கொடுத்துக் காசு கட்டி ரசீதும் வாங்கியிருந்தோம். ஏப்ரலில் ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்தார், மேசன் வேலை, நல்ல பின்கள ஆட்டக்காரர். ஜூலையில் ஒரு அரையிறுதியில் எதிரணி ஆளின் பூட்ஸ் பட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. காப்புறுதிக் காசு கேட்டு கிளைம் போட்டோம், கம்பனி மறுத்துவிட்டது, பட்டியலில் அவர் பெயர் இல்லை. காப்புறுதி விற்றபோது முகவர் ‘உங்கள் கழகத்துக்கு யார் இறங்கினாலும் சரி’ என்று வாயால் சொன்னார், ஆனால் காப்புறுதிப் பத்திரத்தில் ‘இணைக்கப்பட்ட பட்டியலில் உள்ளவர்கள்’ என்று இருந்தது. அவர் சொன்னதை நாங்கள் எழுதி வாங்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவரின் பெயரை அனுப்புவதும் என் வேலைதான், நான் அனுப்பவில்லை. அந்தத் தம்பி ஐந்து மாதம் வேலைக்குப் போகவில்லை, மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது, கழகத்தில் சேர்த்துக் கொடுத்த காசு ஒரு மாதச் சாமானுக்குக்கூடக் காணவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இந்தப் பத்திரங்களை ஒரு எழுத்து விடாமல் வாசிக்கப் பழகினேன். கீழே எழுதியிருப்பது அப்படிப் படித்தது.

எதைக் கேட்டு வாங்குவது

நீங்கள் கேட்க வேண்டியது தனிநபர் விபத்துக் காப்புறுதி. கழகமாகச் சேர்ந்து எடுத்தால் குழு விபத்துக் காப்புறுதி. ஆயுள் காப்புறுதி இது அல்ல, ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதியும் அல்ல. 2011இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் ஆயுள் காப்புறுதியும் பொதுக் காப்புறுதியும் வெவ்வேறு கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன, விபத்துக் காப்புறுதி பொதுக் காப்புறுதிக் கம்பனியின் பக்கம் வரும். உங்கள் வீட்டுக்கு வந்துபோகிற ஆயுள் காப்புறுதி முகவர் ‘விபத்தும் இதில் இருக்கு’ என்று சொன்னால், அது ஆயுள் பத்திரத்தோடு ஒட்டிக் கொடுக்கிற மேலதிக நன்மை. பெரும்பாலும் உயிர் போனாலோ நிரந்தரமாக அங்கம் போனாலோதான் அதில் காசு வரும், கணுக்கால் முறிவுக்கு வராது.

விபத்துக் காப்புறுதிக்குள் நாலு பகுதி இருக்கும். விபத்தில் இறந்தால் ஒரு தொகை. நிரந்தர அங்கவீனத்துக்கு ஒரு தொகை. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் போனால் வாரத்துக்கு இவ்வளவு. அப்புறம் வைத்தியச் செலவு. கம்பனிக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவது முதல் இரண்டும், பத்து லட்சம், இருபது லட்சம் என்று. அந்த இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நிரந்தர அங்கவீனத்துக்குப் பத்திரத்தில் ஒரு அட்டவணை இருக்கும், இரண்டு கண் அல்லது இரண்டு கால் போனால் முழுத்தொகை, ஒன்று போனால் பாதி, விரல்களுக்கு அதைவிடக் குறைந்த சதவீதம் என்று இறங்கிக்கொண்டு போகும். உதைபந்தாட்டக்காரருக்கு வருகிற காயங்களை அந்த அட்டவணையில் தேடிப் பாருங்கள். முழங்காலுக்குள் இருக்கிற முன்பக்கச் சிலுவை நார் அறுந்தால் சத்திரசிகிச்சை செய்து மறுபடி மைதானத்துக்கு வர ஒன்பது மாதம் அளவில் எடுக்கும், ஆனால் கால் போகவில்லையே, அட்டவணைப்படி ஒரு சதமும் வராமல் போகலாம். காறையெலும்பு முறிவு, தோள் விலகல், கணுக்கால் முறிவு எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை, ஆறுகிற காயம் நிரந்தர அங்கவீனம் ஆகாது. ஆகவே எங்கள் ஆட்களுக்கு உதவப்போவது மூன்றாவதும் நாலாவதும், அதிலும் மூன்றாவது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மேசனுக்கு நாளுக்கு 4,000 ரூபா, வாரத்தில் 5 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் முறிந்து 16 வாரம் வேலை இல்லை என்றால் போகிற வருமானம் 3,20,000 ரூபா. காப்புறுதியில் வாரத்துக்கு 5,000 ரூபா, முதல் இரண்டு வாரத்துக்கு இல்லை என்று இருந்தால் வருவது 14 வாரத்துக்கு 70,000 ரூபா. அதுவும் பெரிய உதவிதான், அந்தத் தம்பிக்கு அது வந்திருந்தால் சங்கிலி வீட்டிலேயே இருந்திருக்கும். ஆனால் இறப்புக்கான தொகையைக் கொஞ்சம் குறைத்து வாரத் தொகையைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டால், சில நேரம் அதே கட்டணத்துக்கு அல்லது கொஞ்சம் கூடக் கட்டினால் மாற்றித் தருவார்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள்.

வாரத் தொகையில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும், இதில் அவசரப்பட வேண்டாம்.

முதலாவது, ‘வேலை செய்ய முடியாமை’ என்றால் என்ன என்று பத்திரம் எப்படிச் சொல்கிறது. ‘தனது வழமையான தொழிலைச் செய்ய முடியாத நிலை’ என்று இருந்தால் நல்லது. ‘எந்தத் தொழிலையும் செய்ய முடியாத நிலை’ என்று இருந்தால், காலில் பிளாஸ்டரோடு கடையில் கல்லாவில் உட்காரலாம்தானே என்று சொல்லி மேசனுக்கு மறுக்க இடம் இருக்கிறது. ஒரு சொல்தான் வித்தியாசம், அந்தச் சொல்லுக்காகவே ஒரு கம்பனியை விட்டு இன்னொரு கம்பனிக்குப் போகலாம்.

இரண்டாவது, எத்தனை நாளுக்குப் பிறகு காசு தொடங்கும், எத்தனை வாரம் வரை வரும். மூன்றாவது, விபத்து நடந்து எத்தனை நாளுக்குள் வேலை செய்ய முடியாமை தொடங்கியிருக்க வேண்டும். சிலர் வலியைப் பொறுத்துக்கொண்டு மூன்று வாரம் வேலைக்குப் போய், பிறகுதான் விழுவார்கள். மணிக்கட்டில் இருக்கிற சின்ன எலும்பு ஒன்று இப்படி ஏமாற்றும், கையை ஊன்றி விழுந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல், பத்துப் பதினாலு நாள் கழித்து மறுபடி எடுத்தால்தான் தெரியும். கோல் காப்பவர்களும் கரப்பந்தாட்டக்காரரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வலி போகாவிட்டால் இரண்டாம் தரம் கட்டாயம் காட்டுங்கள், கிளைமுக்காக மட்டும் அல்ல, அந்த எலும்பு கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போகலாம்.

நாலாவது, வருமானத்தை எப்படி நிரூபிப்பது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் மாட்டுப்படுகிற இடம் இது. கிளைம் போடுகிற நாளில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, காப்புறுதி எடுக்கிற நாளிலேயே ‘கூலி வேலை செய்கிறவருக்கு எந்தக் கடிதத்தை ஏற்றுக்கொள்வீர்கள்’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கிராம சேவகரின் சான்று, வேலை கொடுக்கிற ஒப்பந்தக்காரரின் கடிதம், கடலுக்குப் போகிறவர் என்றால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், ஓட்டோக்காரர் என்றால் வண்டிப் புத்தகமும் சாரதி அனுமதிப்பத்திரமும், இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். கிழமைக்கு ஒருதரம் கையில் வருகிற காசில் ஒரு பகுதியையாவது வங்கியில் போட்டு எடுக்கிற பழக்கம் இருந்தால் அந்தப் புத்தகமே பாதிச் சாட்சி. மாணவருக்கும் தங்கள் சொந்த வீட்டு வேலை பார்க்கிற பெண்களுக்கும் வருமானம் இல்லை என்று சொல்லி வாரத் தொகையைத் தருவதில்லை. வலைப்பந்து விளையாடுகிற அக்கா கையை முறித்துக்கொண்டால் வீடு நின்றுபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பத்திரம் அதை வருமானமாகக் கணக்கெடுக்காது. இது நியாயம் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்களுக்கு வைத்தியச் செலவுப் பகுதியைக் கூட்டி எடுப்பதுதான் இப்போதைக்கு வழி.

வைத்தியச் செலவு என்றால் ஆஸ்பத்திரி இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான். ஆனால் முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. சீக்கிரம் எடுக்க வேண்டும் என்றால் தனியாரிடம் போக வேண்டி வரும், சில நேரம் தகடோ ஸ்குரூவோ வெளியில் வாங்கச் சொல்வார்கள், கொழும்புக்கோ கண்டிக்கோ போய்வர வான் பிடிக்க வேண்டும், முழங்கால் பட்டி, ஊன்றுகோல், பிசியோதெரபி. இவை பத்திரத்தில் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிசியோதெரபியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், பிளாஸ்டர் கழற்றிய பிறகு பழையபடி நடக்க வைப்பது அதுதான். ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி மட்டும் வைத்திருக்கிறவர்கள் ‘ஒரு இரவாவது தங்கியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள், வெளிநோயாளர் பிரிவில் கட்டுப்போட்டு அனுப்பிய காயத்துக்கு அதில் ஒன்றும் வராது.

விளையாட்டு உள்ளேயா வெளியேயா

பத்திரத்தின் பின்பக்கம் விதிவிலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும், எழுத்துச் சின்னதாக இருக்கும், அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். சாதாரண விபத்துக் காப்புறுதியில் தொழில்முறை விளையாட்டு வெளியே. சுழியோடுதல், மலையேறுதல், மோட்டார் பந்தயம் போன்றவையும் அநேகமாக வெளியே. நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் போய்ச் சிலிண்டர் கட்டிச் சுழியோடுகிற ஆட்கள் கவனியுங்கள், அதற்குத் தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சில பத்திரங்களில் உதைபந்தாட்டம், கபடி, றக்பி போன்ற உடல் மோதுகிற விளையாட்டுகளும் வெளியே இருக்கும், அல்லது மேலதிகக் கட்டணம் கட்டினால் உள்ளே வரும். ‘உதைபந்தாட்டப் போட்டியிலும் பயிற்சியிலும் ஏற்படும் காயங்கள் அடங்கும்’ என்று ஒரு வரி எழுத்தில் இல்லாமல் காசு கட்டவே கட்டாதீர்கள்.

‘பயிற்சியிலும்’ என்ற சொல் சும்மா போட்டது இல்லை. நாங்கள் வருடத்தில் இருபது மச் விளையாடினால் இருநூறு நாள் பயிற்சி செய்கிறோம். சில குழுப் பத்திரங்கள் லீக் நடத்துகிற போட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும், கடற்கரையில் விளையாடியது, பயிற்சி ஆட்டம், நட்புரீதியான ஆட்டம் எல்லாம் வெளியே போய்விடும். அதேபோல் போகிற வருகிற வழி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதை வள்ளத்துக்குக் காத்திருந்த காலம் போய், கிண்ணியாவில் இரவு மச் என்றாலும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போய் வந்துவிடுகிறோம். மைதானத்துக்குள் முறிவதைவிட அந்த இரவுப் பயணம் எனக்குப் பயம். போட்டிக்குப் போய் வருகிற பயணமும் அடங்குமா, சொந்த மோட்டார் சைக்கிளில் போனாலும் அடங்குமா, சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடினால் என்ன, இதையெல்லாம் கேட்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடினாலும் குடித்துவிட்டு ஓடினாலும் காசு வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழில்முறை என்றால் என்ன என்பதும் இங்கே சிக்கல். பரிசுப் பணம் உள்ள சுற்றுப்போட்டிகள் நிறைய நடக்கின்றன. மச்சுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு வேறு கழகத்துக்கு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை, வீட்டில் தேவை இருக்கிறது. ஆனால் காசு வாங்கி விளையாடினால் சில பத்திரத்தில் அது தொழில்முறை. பரிசுப் பணத்தைக் கழகம் பங்குபோடுவது இதில் வருமா என்று கேட்டுத் தெளிவான பதில் வாங்குங்கள்.

இன்னொன்று, விபத்து என்றால் திடீரென்று வெளியில் இருந்து நடந்த ஒன்றாக இருக்க வேண்டும். வேகப்பந்து வீசி வீசி நாளடைவில் முதுகு எலும்பில் வந்த வெடிப்பு, வருடக்கணக்காக ஓடித் தேய்ந்த முழங்கால், இவை விபத்து என்று ஏற்கப்படுவது கஷ்டம். மைதானத்தில் நெஞ்சு வலி வந்து விழுந்தாலும் அது நோய், விபத்து அல்ல. கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற மாதங்களில் பகல் இரண்டு மணிக்கு மச் வைத்து வெயிலில் ஆள் மயங்கி விழுந்தாலும் பெரும்பாலும் அதே கதிதான். அந்த நேரத்தில் மச் வைக்காமல் இருப்பது ஏற்பாட்டாளர் கையில் இருக்கிறது, தயவுசெய்து நாலரைக்குப் பிறகு வையுங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் என்ன இருக்கிறது

காசு கட்டுவதற்கு முன்பு இதைப் பாருங்கள், சிலருக்கு ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கும். ஆசிரியர், அரச உத்தியோகத்தர் என்றால் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நடத்துகிற அக்ரஹார என்ற காப்புறுதித் திட்டம் இருக்கிறது, சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுவார்கள், என்ன கிடைக்கும் என்று கந்தோரில் கேட்டால் படிவம் தருவார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு சுரக்ஷா என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது, இடையில் நின்று மறுபடி தொடங்கியது, அதிபரிடம் விசாரியுங்கள். தனியார் கம்பனியில் வேலை என்றால் அங்கே குழுக் காப்புறுதி இருக்கலாம், அது வேலை நேரத்துக்கு மட்டுமா, இருபத்துநாலு மணி நேரமுமா என்று பாருங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையால் வந்த காயத்துக்குத்தான், ஞாயிற்றுக்கிழமை மச்சில் முறிந்ததற்கு முதலாளி பொறுப்பு இல்லை.

இரண்டு காப்புறுதி இருந்தால் இறப்புக்கும் அங்கவீனத்துக்கும் இரண்டிலும் வாங்கலாம், ஆனால் ஒரே வைத்திய பில்லை இரண்டு இடத்தில் முழுதாக எடுக்க முடியாது. மூல பில்லை ஒரு கம்பனியிடம் கொடுக்கும்போது, எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை வாங்குங்கள், மிச்சத்தை மற்றதில் கேட்க அது வேண்டும்.

படிவம் நிரப்புகிற நாள்

தனித்தனியாக எடுப்பதைவிடக் கழகமாக எடுத்தால் ஆளுக்குக் கட்டணம் குறையும். கழகம் பதிவு செய்திருந்தால் பேச்சு லேசாகும், பதிவு இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். குறைந்தது மூன்று கம்பனியிடமாவது விலைக்கூற்று வாங்குங்கள், நகரத்திலேயே பல கம்பனிகளின் கிளைகள் இருக்கின்றன, கொழும்புக்கு ஓட வேண்டாம். பத்திரத்தையும் விதிவிலக்குகளையும் தமிழில் கேளுங்கள், இல்லையென்றால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரை, பாடசாலை ஆசிரியரோ வங்கியில் வேலை செய்கிற மச்சானோ, பக்கத்தில் இருத்தி வரி வரியாக வாசியுங்கள்.

படிவத்தை முகவரை நிரப்ப விடாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருப்பார், வேலையைச் சுருக்கமாக முடிக்க எல்லோருக்கும் ‘எழுதுவினைஞர்’ என்று போட்டுவிடுவார், ஏனென்றால் அதற்குக் கட்டணம் குறைவு. மேசனும் மரவேலைக்காரரும் கடலுக்குப் போகிறவரும் ஆபத்துக் கூடிய தொழில், அவர்களுக்குக் கட்டணம் கூடும், அதை மறைத்தால் கிளைம் நாளில் முழுப் பத்திரமும் செல்லாது என்று சொல்லக் கம்பனிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. காப்புறுதி ஒப்பந்தத்தில் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மை சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையது. பழைய காயத்தையும் அப்படியே எழுதுங்கள், மூன்று வருடத்துக்கு முன்பு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை என்றால் அந்த முழங்காலை விட்டுவிட்டு மிச்ச உடம்புக்காவது காப்பு இருக்கும், மறைத்தால் ஒன்றுக்கும் இருக்காது.

பெயர்ப்பட்டியலில் விளையாடுகிறவர்கள் மட்டும் போதாது. பயிற்றுநர், நடுவராக நிற்கிற அண்ணன், ஸ்கோர் எழுதுகிறவர், எல்லைக்கோட்டில் நிற்கிற பதினாறு வயதுப் பிள்ளை, எல்லோரையும் போடுங்கள், வயதெல்லை என்ன என்று பார்த்துப் போடுங்கள். வருட நடுவில் யாராவது சேர்ந்தால் அன்றே கம்பனிக்கு எழுதி, சேர்த்துக்கொண்டோம் என்கிற கடிதம் கையில் வந்த பிறகுதான் அவரை மைதானத்தில் இறக்க வேண்டும். எங்கள் கழகத்தில் இப்போது இது விதி, எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் கடிதம் வராமல் பூட்ஸ் கட்ட விடுவதில்லை.

காசு எங்கே இருந்து வரும் என்ற கேள்விக்கு என்னிடம் நேரான பதில் உண்டு. இருபத்திரண்டு பேர் மாதம் 100 ரூபா போட்டால் வருடத்துக்கு 26,400 ரூபா, அதை வைத்துக்கொண்டு பேசத் தொடங்கலாம். அப்புறம் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் அண்ணன்மார். வருடா வருடம் ஜேர்சி அடித்துத் தருகிறார்கள், மூன்றடி உயரக் கிண்ணம் வாங்கித் தருகிறார்கள், அந்த அன்புக்கு நன்றி. இந்த முறை ஜேர்சி வேண்டாம், போன வருடத்து ஜேர்சி இன்னும் கிழியவில்லை, காப்புறுதிக் கட்டணத்தைக் கட்டித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் கழகத்துக்கு ஆடுகிறவர்களுக்கு இது புதிது இல்லை, அங்கே பெரியவர்கள் அணி ஒன்று உதைபந்தாட்டச் சங்கத்தோடு இணைவதற்கே விளையாட்டுக் காயக் காப்புறுதி காட்ட வேண்டும். அவர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும்.

சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் வழுக்கு மரம் ஏறுதல், கயிறிழுத்தல், சைக்கிள் ஓட்டம் எல்லாம் வைக்கிறோம், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இறங்குவார்கள், பெயர்ப்பட்டியல் கிடையாது. ஒருநாள் நிகழ்வுக்கு மட்டும் காப்புறுதி தருகிற கம்பனிகள் உண்டு, நுழைவுக் கட்டணத்தில் இருந்து எடுத்துக் கட்டலாம். அடித்த பந்து வெளியே போய் ஒரு காரின் கண்ணாடியை உடைத்தாலோ பார்த்துக்கொண்டு நின்ற ஐயாவின் தலையில் பட்டாலோ, அது வேறு காப்புறுதி, பிறர்க்கான பொறுப்புக் காப்புறுதி என்று கேட்க வேண்டும்.

முறிந்த அன்று

ஆளைத் தூக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து கையிலும் காலிலும் பிடித்து ஓட்டோவில் மடக்கி ஏற்றுவதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன். முறிந்த காலை அசையாமல் வைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கழுத்தில் அடி என்றால் அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அசைக்கவே வேண்டாம்.

பொது வைத்தியசாலையில் விபத்துப் பிரிவில் ‘எப்படி நடந்தது’ என்று கேட்டு எழுதுவார்கள், அங்கே சொல்வதுதான் பிறகு கிளைமில் நிற்கும். ‘விழுந்திட்டான்’ என்று மட்டும் சொல்லாமல் எந்த மைதானம், எந்த மச், எத்தனை மணி, எப்படி அடிபட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெளியே வரும்போது நோய் விவர அட்டை, எக்ஸ்ரே அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக் கழகக் குழுவில் போடுங்கள், மழைக்காலத்தில் கூரை ஒழுகி நனைந்த அட்டைகள் எத்தனையோ. வேலைக்குப் போக முடியாது என்பதற்கு எத்தனை நாள் என்று குறிப்பிட்ட மருத்துவச் சான்றிதழ் தனியாக வேண்டும், ஒவ்வொரு கிளினிக்கிலும் அதை நீட்டி வாங்க மறக்க வேண்டாம்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகிற விஷயம் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. எங்கள் வீட்டிலேயே பரம்பரை வைத்தியர் கட்டுப்போட்டு நல்லாக வந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நேரே அங்கே போய், எக்ஸ்ரே எடுக்காமல், எண்ணெய்க் கட்டோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தால், எலும்பு முறிந்தது என்பதற்கே கையில் ஒரு தாள் இருக்காது. முதலில் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, அட்டை. பிறகு யாரிடம் வைத்தியம் செய்வது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, அந்தச் செலவைப் பத்திரம் ஏற்குமா என்பதையும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கம்பனிக்கு அறிவிப்பது அடுத்த நாளே நடக்க வேண்டும், போனில் சொல்லி, அதையே வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். இத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கும், அது தவறியதால் போன கிளைம்கள் நிறைய. நடுவரின் அறிக்கை, ஸ்கோர் தாள், அன்றைய அணிப் பட்டியல், கழகச் செயலாளரின் கடிதம், அந்த நேரத்தில் யாராவது எடுத்த வீடியோ, எல்லாம் சேர்த்து வையுங்கள். பயிற்சியில் நடந்தது என்றால் வருகைப் பதிவுக் கொப்பிதான் சாட்சி, ஆகவே பயிற்சிக்கும் ஒரு கொப்பி வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். காயப்பட்டவரிடம் இதையெல்லாம் தேடச் சொல்லக் கூடாது, அவர் வலியில் கிடக்கிறார், கழகத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து ஓட வேண்டும்.

மறுத்தால் என்ன செய்வது. எந்தக் காரணம், பத்திரத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்ன மறுப்பை ஏற்க வேண்டாம். பிறகு அந்தக் கம்பனியின் தலைமைக் காரியாலயத்துக்கு முறைப்பாடு. அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி இருக்கிறார், அவரிடம் போகக் காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை, கடிதமும் பிரதிகளும் அனுப்பினால் போதும். கம்பனிகளை மேற்பார்வை செய்கிற இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம், அது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. அந்தத் தம்பியின் விஷயத்தில் நாங்கள் இவ்வளவு தூரம் போகவில்லை, பட்டியலில் பெயர் இல்லாத கிளைமுக்கு எங்கே போயும் பதில் ஒன்றுதான்.

கடைசியாகத் திகதி. பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான், முடிந்த அடுத்த நாள் முறிந்தால் ஒன்றும் இல்லை. வாடைக்கால மழை விட்டு மைதானம் காய்ந்ததும் தை, மாசியில் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும், அதனால் நாங்கள் மார்கழியில், மைதானத்தில் தண்ணீர் நிற்கும்போதே, பட்டியலைப் புதிதாக எழுதிப் புதுப்பித்துவிடுகிறோம். போன முறை அந்தப் பட்டியலை எழுதியது அந்தத் தம்பிதான், கால் நல்லாகி இப்போது எங்கள் உதவிச் செயலாளர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எழுதினார்.